பிள்ளையின் கட்டிலுக்கு மேலிருந்த அலுமாரி

பக்கத்து வீட்டு மில்ரன் பழைய பஸ் ஒன்றைக் கட்டில், அடுப்பு, அலுமாரி வைத்து ஓடும் வீடாக்கினான். அலுமாரிக் கதவுகளுக்குக் கொளுக்கி போடத்தான் அவனுக்குப் பஞ்சி, நாளைக்கு நாளைக்கென்று தள்ளிப்போட்டான்.

நானாட்டானுக்குப் போகும் வழியில் கழுதை குறுக்கே வந்ததும் சடாரென்று பிரேக் பிடித்தான். கதவெல்லாம் திறந்து கோப்பைகள் நொறுங்கின. பிள்ளை படுத்திருந்த கட்டிலுக்கு மேலே, இரும்புச் சட்டிகள் வைத்த அலுமாரி மட்டும் திறக்கவில்லை. மில்ரன் இழுத்துப் பார்த்தான், அசையவில்லை.

“பிள்ளையைத் தூக்கிட்டன். பெரிய உபகாரம், இனி விடுங்கோ,” என்றாள் அவன் மனைவி றெபேக்கா, அலுமாரியைப் பார்த்து.

கதவு மெல்லத் திறந்தது. உள்ளே சட்டிகள் ஒதுங்கி, ஓராள் குந்தியிருக்க இடம் விட்டிருந்தன.

எனக்கொரு தேத்தண்ணி தராதவள், இப்போது அந்த இடத்தில் தலையணை வைத்திருக்கிறாள். அவள் கடைக்குப் போன நேரம் பஸ்ஸில் ஏறித் தொட்டுப் பார்த்தேன். சூடாயிருந்தது.