அரை வாயை மூடிய நாள்

ஒரு மின்சாரச் சுருதிப் பெட்டிக்குள் ஓர் அலையும், அரை என்ற எண்ணும் குடியிருந்தன. அலை ஏறி இறங்கி ஆடும். அதன் ஒவ்வோர் அசைவுக்கும் அரை தன் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டையும் பெருக்கித்தான் பெட்டி ஓசை எழுப்பும்.

ஒருநாள் பாடகி, “என்ன இனிமையான அலை!” என்றாள். அலைக்குத் தலைகால் புரியவில்லை. அது அரையிடம் கேட்டது:

“ஏண்ணே, விடிஞ்சதிலிருந்து அரை, அரைன்னே சொல்றீங்களே. ஒரு தடவை சொன்னா எனக்குப் புரியாதா?”

அரைக்குச் சுருக்கென்றது. “சரி, இனி சொல்லல” என்று வாயை மூடிக்கொண்டது.

அடுத்த அசைவில் அலையைப் பெருக்க எண் இல்லை. பெட்டி ஊமையானது.

“தெரியாமச் சொல்லிட்டேன், பேசுங்கண்ணே” என்று அலை கெஞ்சியது. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று அரை காத்திருந்தது.

அதற்குள் பழுது பார்ப்பவர் வந்து பெட்டியைத் திறந்தார். முதலில் அரையைப் பார்த்தார். “இது வெறும் எண்ணு. இதுல கெட என்ன இருக்கு? அலைதான் போச்சு” என்று அலையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதினார்.

“அரை! அரை!” என்று அரை பதறிக் கத்தியபோது பழைய அலை இல்லை. பெட்டி பாடியது.

“பாத்தீங்களாம்மா?” என்றார் அவர் பாடகியிடம்.

சாயங்காலம் புது அலை கேட்டது: “ஏண்ணே, உங்களுக்கு வேற பேச்சே தெரியாதா?”

“அரை” என்றது அரை.