கூட வராத உடம்பு

"கை தனியாப் போகுது, உடம்பு மரம் மாதிரி நிக்குது. நெஞ்சு திரும்பணும், கை அதோட சேர்ந்து வரணும்," என்றார் கோல்ஃப் பயிற்சியாளர்.

அன்றுதான் வந்து சேர்ந்தவர் மறுபடி மட்டையை வீசினார். உடம்பு தடுமாறியது. கைகள் மட்டும் பல வருஷம் பழகியவை போல மேலே போய், உச்சியில் ஒரு கணம் நின்று, அழகாக இறங்கின.

பயிற்சியாளர் அந்தக் கைகளையே பார்த்தார். அப்படி நிறுத்தி அடிக்கிறவன் ஒருவன்தான் இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் விபத்தில் இறந்துபோன அவர் தம்பி.

"இதுக்கு முன்னாடி எங்க ஆடினீங்க?"

"மட்டையைத் தொட்டதே இன்னைக்குத்தான் சார். இந்தப் பக்கமா கார்ல வந்தேன். கை தானா வண்டியை உள்ளே திருப்பிடுச்சு."

அவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். இரண்டு முழங்கைக்கும் கீழே, சுற்றிலும் தையல் தழும்பு.

"என் கை ரெண்டும் மெஷின்ல போயிடுச்சு. மூணு வருஷம் முன்னாடி இதை வச்சாங்க. யாரோடதுன்னு சொல்லல."

தம்பியின் கைகளைத் தானம் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் பயிற்சியாளர்தான். அவர் கையை நீட்டினார். வந்தவர் பற்றிக் குலுக்கினார். பிடி தளரவில்லை; இறுகிக்கொண்டே போனது.

"போதும், விடுங்க."

"நான் அப்பவே விட்டுட்டேன் சார்," என்றார் வந்தவர், முகம் வெளிறி. "இதுதான் விடமாட்டேங்குது."