ஹாக்கிப் புகார்

மைனஸ் பதினெட்டு டிகிரிக் குளிரில், தெரு ஹாக்கிக்கு வைத்திருந்த டென்னிஸ் பந்து கல்லாக இறுகியிருந்தது. ஹாக்கி மட்டையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள் கிளெண்டா.

"அந்தப் பக்கம் மூணு பேர். இந்தப் பக்கம் நாம ரெண்டே பேர். இது ஒரு ஆட்டமா?"

"செத்தாலும் நிறுத்தக் கூடாது" என்றான் டார்சி, கோல் வலையை மறித்தபடி.

"எதிர்வீட்டு ஜன்னல்ல திரை ஆடுது, பாத்தியா?"

"ஆடட்டும்."

"கார்!" என்று ஒரு குரல் எழுந்தது. வழக்கம்போல் வலையைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஆனால் கார் கடந்து போகவில்லை. பக்கத்தில் வந்து நின்றது. கதவில் நகராட்சி முத்திரை. சீருடை அணிந்த அதிகாரி இறங்கினார்.

"தெருவுல ஹாக்கி ஆடறதா புகார் வந்திருக்கு. நேர்ல விசாரிக்கணும். அரை மணி நேரமாவது ஆகும்."

"விசாரிங்க. வலை மட்டும் இங்கேர்ந்து போகாது" என்றான் டார்சி.

அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு கார் டிக்கியைத் திறந்து, தன் மட்டையை எடுத்தார்.

"எந்தப் பக்கம் ஆள் குறையுது?"

"எங்க பக்கம்தான்" என்றாள் கிளெண்டா கடுப்புடன். "மரே, சனிக்கிழமை உனக்கு டியூட்டின்னுதானே வாராவாரம் நாங்களே புகார் பண்ணி உன்னை வரவழைக்கிறோம்? இன்னிக்கு போன் பண்ணி முக்கால் மணி நேரமாச்சு. எங்கடா போன?"

"என்ன பண்றது, பக்கத்துத் தெருவுல நிஜமாவே ஒரு புகார் வந்துடுச்சு."