சிவப்பு வந்த இடம்

"கடிச்சு உடைஞ்ச பல்லு மாதிரியே தெரியலையே அண்ணா," என்றாள் தங்கை.

அண்ணன் நாற்காலியை மடிக்கணினித் திரைக்கு இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டான்.

அவன் பல் மருத்துவன். அவள் பொறியாளர். பாலத்தின் தூணோ கிரேனின் கொக்கியோ, எவ்வளவு பாரம் வந்தால் எங்கே விரிசல் விடும் என்று கணினியில் போட்டுப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. மூன்று நாள் முன்பு அவளுடைய அலுவலகத்துக்கு ஒரு ஸ்கேனோடு வந்து நின்றான். கீழ்த்தாடைப் பல், ஒற்றை வேர். வேர் சிகிச்சை செய்து, உள்ளே ஓர் உலோகத் திருகாணி இறக்கி, அதன்மேல் புதுப் பல்லைக் கட்டியிருந்தான். இரண்டே வாரத்தில் வேர் நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது. பாதாம் கொட்டையை ஓட்டோடு கடித்துவிட்டேன் என்று பேஷண்ட் சொல்கிறாராம். அது உண்மையா என்று தெரிய வேண்டும். தெரியும்வரை இன்னொருவர் வாயில் கை வைப்பதில்லை என்று கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"அவரே ஒத்துக்கிட்டாரு. அப்புறம் உனக்கு என்ன? வேற டாக்டரா இருந்தா எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பியிருப்பாங்க."

"நீ போட்டுப் பாரு."

போட்டாள். பல், ஆணி, சுற்றியுள்ள எலும்பு, நடுவில் மெத்தைபோல் இருக்கும் சவ்வு, எல்லாவற்றையும் மூன்று லட்சம் துண்டுகளாகப் பிரித்தாள். பாரத்தைத் தாங்கும் இடம் திரையில் நீலமாகத் தெரியும். திணறும் இடம் சிவப்பு. மேலிருந்து அறுபது கிலோ கொடுத்தாள். ஈறோரம் சிவந்தது. சாய்த்துக் கொடுத்தாள். மறுபடி ஈறோரம். தூக்கத்தில் நறநறவென்று கடிப்பதுபோல் பக்கவாட்டில் கொடுத்துப் பார்த்தாள். அப்போதும் ஈறோரம்தான். ஸ்கேனிலோ விரிசல் ஆணியின் நுனியில் தொடங்கிக் கீழே போயிருந்தது. திரையில் அந்த இடம் குளம்போல் நீலமாகக் கிடந்தது.

தன்மேலேயே சந்தேகம் வந்தது. அலகுகளைச் சரிபார்த்தாள். எலும்பைக் கெட்டியாக்கினாள், இளக்கினாள். ஆணியே இல்லாத நல்ல வேருக்கும் அதே பாரத்தைக் கொடுத்து ஒப்பிட்டாள். ஒவ்வொரு விடையும் முந்தியதைவிடக் குழப்பியது.

"அவரு பொய் சொல்றாரா, கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா, இல்ல என் மண்டைதான் கழண்டுபோச்சா? அந்தப் பேஷண்ட்கிட்ட நானே பேசிப் பாக்கறேனே."

"வேணாம்." சட்டென்று வந்தது பதில்.

"ஊர் வாயெல்லாம் திறக்க வைக்கிறே. உன் வாயைத் திறக்க எந்த ஊசி போடணும்?"

இன்று காலை வேலைக்கு நடுவில் அப்பா போன் செய்தார். குரல் குழறியது. இப்போதுதான் எழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். உன் அண்ணன் நாலு நாளாகச் சாப்பாட்டைக் கொறிக்கிறான், என்னவென்று கேள் என்றார். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் சொன்னதும் வைத்துவிட்டார்.

"அப்பாகூடச் சண்டையா?"

"சண்டை மாதிரிதான்."

மதியம் ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தவள் கோப்பையைக் கீழே வைத்தாள். எல்லோரும் செய்வதுபோல அவளும் ஆணியை வேருக்குள் உட்கார்ந்த நிலையிலேயே வரைந்திருந்தாள். அது உள்ளே போன விதம் கணக்கிலேயே இல்லை.

"இந்த ஆணியை எத்தனை சுத்து சுத்தி இறக்கினே?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "மூணரை."

"எத்தனை சுத்தணும்?"

"மூணு."

கடிக்கும் பாரத்தை முழுவதுமாக எடுத்துவிட்டாள். ஆணியை மட்டும் திருகினாள். மூன்று சுற்றுவரை எல்லாம் நீலம். மூன்றரையில் ஆணியின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி பிறந்து, வேரின் அடிவரை கோடாக இறங்கியது. ஸ்கேனை அதன்மேல் வைத்தாள். விரிசலும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.

அவள் கை தானாகப் போய்த் திரையை மூடியது.

"இதை யாருக்கும் காட்ட வேணாம் அண்ணா," என்றாள் மெல்ல. "கடிச்சேன்னு அவரேதான் சொல்றாரே. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நாளைக்குக் கிளினிக்கைத் திற."

"எனக்கு அன்னிக்கே தெரியும். அந்தக் கடைசி அரைச் சுத்துல டிக்குன்னு கையில பட்டுச்சு."

இதுவரை இருந்த குழப்பமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆனது அவளுக்கு. "தெரிஞ்சுக்கிட்டே மூணு நாளா எதுக்கு என் உயிரை வாங்கினே?"

அவனே கையை நீட்டித் திரையைத் திறந்தான்.

"இதைக் கலர்ல பெரிசா ஒரு பிரிண்ட் எடு. நான்தான் உடைச்சேன்னு எத்தனை தடவை சொன்னாலும், என் பையன் கை தப்பாது, கொட்டையைக் கடிச்சது நான்தான்னு அப்பா சாதிக்கிறாரு."