முதலில் ஓடி வருவது யார்?

"குடும்பத்துல ஒரு கஷ்டம்னா முதல்ல ஓடி வர்றது யாரு?" என்று கேட்டுவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார் ஃபைலோடு வந்திருந்த அம்மாள்.

பெரியவன் ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பத்து நிமிடமாகத் தள்ளுகிறான், அந்தப் பாழாய்ப்போன ஜன்னல் இம்மியும் நகரவில்லை. டிரைவிங் ஸ்கூலை அடைத்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வந்தவனுக்கு ஏற்கெனவே எரிச்சல், இதில் புழுக்கம் வேறு.

கட்டிலில் அப்பா. பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கூடவே இருந்து பார்த்துக்கொள்வது சின்னவள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிற வேலை அவளுக்கு, சம்பளமில்லாமல் போட்ட லீவு நாளையோடு முடிகிறது. "லீவு முடிஞ்சும் போகலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்கண்ணா, வாரத்துல ஆளுக்கு ரெண்டு நாளு வாங்க" என்று அவள் போனில் கெஞ்சும்போதெல்லாம் பெரியவன், "பாக்கலாம்மா" என்று சொல்லிச் சொல்லியே தப்பித்து வந்தான்.

போன வாரம்தான் அவள் பேச்சு மாறியது. "ஒரு மேடம் வர்றாங்கண்ணா. நம்ம குடும்பத்துல யார் யார் எவ்வளவு தாங்குவாங்கன்னு எழுதப் போறாங்க. எல்லாரும் இருக்கணும்."

ஆஸ்பத்திரி ஆளாக இருக்கும் என்று பெரியவனே முடிவு கட்டிக்கொண்டான். எங்களால் ஒன்றும் முடியாது என்று கையை விரித்தால் ஒரு நர்ஸை அனுப்பிவைப்பார்கள், பிடுங்கல் தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது வாயெடுத்தான்.

"நான்தான் மேடம் ஓடி வருவேன்!" என்று முந்திக்கொண்டாள் நடுவில் பிறந்த தங்கை. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, எந்த இடத்திலும் முதல் மார்க் தனக்கே வேண்டும் அவளுக்கு.

பெரியவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் போனில் அறிவுரை சொல்வதோடு சரி, இவள் ஓடி வருகிறாளாம்!

"என்ன மேடம் இது, மூத்தவன் நான் இருக்கேன்ல? ஒரு போன் அடிச்சா போதும், வந்து நிப்பேன்."

அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். பெரியவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரொம்பப் புழுக்கமா இருக்குல்ல?" என்று எழுந்து வந்தார் அந்த அம்மாள். ஜன்னலின் கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி இடது பக்கமாக ஓர் அழுத்து அழுத்தினார். சமர்த்தாகத் திறந்துகொண்டது. இவன் பட்ட பாட்டுக்கு அது முன்னமே திறந்திருக்கலாம்.

"அடுத்த கேள்வி. பெரியவரைத் தூக்கி உக்கார வைக்க, குளிப்பாட்ட யாரால முடியும்?"

"என்னால முடியும்" என்றாள் ஆசிரியை.

"நானும் செய்வேன்" என்றான் பெரியவன்.

"சின்னவங்களுக்கு உடம்பு முடியலன்னா?"

"அவ எதுக்கு? நான் இருக்கேன்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சின்னவள் சுவரில் சாய்ந்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு பலமுள்ள குடும்பமா! பத்துக்குப் பத்து" என்று எழுதினார் அந்த அம்மாள். "அப்போ வெளியாள் யாரும் தேவையில்ல. எந்தெந்தக் கெழமைன்னு மட்டும் சொல்லிடுங்க."

பெரியவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே! "கெழமையெல்லாம் எதுக்கு மேடம்..."

"கெழமை போடலன்னா மார்க்க அடிச்சிடணும் சார்."

"எனக்கு சனி, ஞாயிறு போடுங்க" என்று மறுபடி முந்தினாள் ஆசிரியை. லீவு நாளை அவள் சுருட்டிக்கொண்டதில் இவனுக்கு வயிறு எரிந்தது. மிச்சம் இருந்ததில் திங்களும் புதனும் இவன் தலையில் விழுந்தன. மற்ற நாட்களில் காலைக்கும் மாலைக்கும் நடுவே ஆள் இருந்தால் தான் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னாள் சின்னவள்.

"அதுக்கு ஏற்பாடு இருக்கு" என்றார் அந்த அம்மாள்.

கையெழுத்துப் போட்டார்கள். ஆசிரியை அந்தத் தாளைப் போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அங்கேயே போட்டும் விட்டாள். இரண்டே நிமிடத்தில் பெரியப்பாவும் சித்தியும் பாராட்டித் தள்ளிவிட்டார்கள். இனி மூச்சு விட முடியாது.

தெருமுனை வரை போன பிறகுதான் ஹெல்மெட்டை மறந்துவிட்டது பெரியவனுக்கு உறைத்தது. நாள் முழுக்க இப்படித்தானா என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து கதவைத் தள்ளினான்.

ஃபைல் தரையில் கிடந்தது. அந்த அம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பாவின் அக்குளில் கை கொடுத்து லாகவமாக அவரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அப்பா பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று பெரியவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மேடம்... நீங்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகலையா?"

"எந்த ஆஸ்பத்திரி தம்பி?" என்றார் அவர், தலையணையைச் சரிசெய்தபடி.

சின்னவள் ஹெல்மெட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"எட்டு மாசமா முதல்ல ஓடி வர்றது இவங்கதான்ணா. பக்கத்து வீடு."