ராணிக்குப் பேச அனுமதி இல்லை

நான் சொல்வதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் பல்செட் இப்போதே கழன்று விழட்டும். ஒரு சரித்திர நாவலில் வரும் செண்பகவல்லி ராணி புருஷனை விட்டுக் குதிரையேறிப் போனது சரியா என்று எங்கள் வாசகர் வட்டம் மூன்று ஞாயிறாக அடித்துக்கொண்டது. நான்காம் ஞாயிறு அந்த ராணியே குதிரையை ஸ்கூட்டர் ஸ்டாண்டில் கட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"நான் எங்கய்யா விட்டேன்? சண்டையில பயந்து ஓடுன மனுசனைப் பிடிச்சுட்டு வரப் போனேன்!"

"நாவலைப் படிச்சவங்க மட்டும்தாம்மா இங்க பேசலாம்," என்றார் தலைவர் தருமலிங்கம். "படிச்சீங்களா?"

"வாழ்ந்தவளே நான்தான்யா!"

"அது செல்லாது. பின்னால உக்காருங்க."

முந்நூறு வருஷப் பழியைத் துடைக்க வந்தவள் தலையிலடித்துக்கொண்டு போனாள். அவள் ஓடுகாலிதான் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். நானும் கை தூக்கினேன்.

அந்த நாவல் இன்னும் அச்சாகி வரவில்லை.