சங்கராவும் கருவேலங்கட்டையும்

குடலை எடுத்துக் கழுவி மசாலா பூசிய பிறகும், அடுப்பைப் பார்த்ததும் சங்கரா மீனுக்குக் குலை நடுங்கியது. அங்கே கருவேலங்கட்டை ஆளுயரத்துக்குக் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"எவன்டா அவன்? கிட்ட வந்தா பொசுக்கிடுவேன்!" என்று படபடவென வெடித்துக் கத்தியது கட்டை. சமையல்காரரே தள்ளித்தான் நின்றார்.

"பாத்தீங்களாண்ணே, அவருக்கே பயம்," என்றது மீன், பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கம்பிவலையிடம்.

"இவரு எப்பவும் இப்படித்தான் நிப்பாரு," என்று மட்டும் சொன்னது வலை.

நேரமாக ஆகத் தீ தணிந்தது. கட்டை உடைந்து துண்டுதுண்டாகி, மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்து, சத்தமே இல்லாமல் கிடந்தது. மீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்ன ஆட்டம் ஆடுனாரு! இப்ப பாருங்க, நரைச்சே போயிட்டாரு," என்று சிரித்தது.

சமையல்காரர் கட்டைக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு கம்பிவலையை அடுப்பின் மேல் வைத்து, மீனைக் கையில் எடுத்தார்.

"வாங்க தம்பி," என்றது கட்டை, ரொம்ப மரியாதையாக. "வந்து உட்காருங்க."